அப்பாயி பாட்டு லைப்ரரில ஏற மாட்டேங்குது

குழு: நம்ம வீடு 🌾 கீழத்தெரு
ஜூன் 17

செல்வம் பெரியப்பா (காலை 6:41): அனைவருக்கும் வணக்கம். கலா அனுப்பிய அம்மா பாட்டு கம்ப்யூட்டரில் ஏறவில்லை. தெவசம் வெள்ளிக்கிழமை. யாராவது பார்க்கவும்

விக்கி: எதுல ஏத்துறீங்கப்பா

செல்வம் பெரியப்பா: நீ போட்டு குடுத்த ஐட்யூன்ஸ்ல தான். நாதஸ்வரம் எல்லாம் அதுல தான் இருக்கு, அதுக்கு அடுத்தாப்ல அம்மா பாட்டு வரட்டும்னு இழுத்து இழுத்து விடுறேன், ஒண்ணும் வரமாட்டேங்குது. எரர் கூட வரல

கலா அத்தை: நேத்து ராத்திரி பூரா உக்காந்து புடிச்சேன் அண்ணே, கேசட்ட ஓட விட்டு போன பக்கத்துல வச்சு வாய்ஸ் மெசேஜா. நடுவுல குக்கர் விசில் விழும் கண்டுக்காதீங்க

குமார் சித்தப்பா: எந்த டேப்புல போட்டுக்கா

கலா அத்தை: 94 பொங்கலுக்கு நீ சிங்கப்பூர்லேந்து கொண்டாந்தியே அந்த டூ இன் ஒன் தான். பெல்ட்டு லூசாயிட்டு, ஒரு சைடு பூரா வெரல வச்சு தள்ளி தள்ளி விட்டேன் இன்னும் வலிக்குது

குமார் சித்தப்பா: அது பெரிய வீட்டுல இல்ல இருந்துச்சு

ரேவதி அக்கா: கேசட்டு கஜா புயல்ல போயிட்டுன்னுல்ல நெனச்சோம்

கலா அத்தை: ஓடு தான்டி போச்சு. அம்மா கேசட்ட எவர்சில்வர் சம்படத்துல அரிசிக்குள்ள பொதச்சு வச்சிருந்துச்சு. ட்ரங்குப் பொட்டில வச்ச போட்டா ஒண்ணு தேறல, இது மட்டும் மேலாப்ல லேசா பூஞ்சை

ரேவதி அக்கா: 😢

சேகர் மாமா: மச்சான் வணக்கம், பதற வேணாம் இது சின்ன விசயம். நான் சர்வீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி எத்தனையோ பாத்தாச்சு. அதாவது ஃபைல் பேருக்கு பின்னாடி ஒரு புள்ளி வச்சு ரெண்டு மூணு எழுத்து இருக்கும், அது உங்களுக்கு தெரியாது ஏன்னா விண்டோஸ் மறைச்சு வச்சிருக்கும், அதுக்கு மேல வியூன்னு இருக்கும் அதுல போயி ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு ஒரு டிக் அடிங்க, இப்ப தெரியும். கலா அனுப்புனது ஓஜிஜின்னு இருக்கும், அத ரைட் கிளிக் பண்ணி ரீநேம் குடுத்து எம்பி3ன்னு மாத்துங்க, விண்டோஸ் வேணாம் வேணாம்னு பயமுறுத்தும் நீங்க எஸ் குடுங்க. அவ்ளோதான். இதுக்கு போயி கடைக்கு காசு குடுக்காதீங்க

விக்கி: மாமா

விக்கி: மாமா அது வேலைக்கு ஆவாது

செல்வம் பெரியப்பா: செஞ்சாச்சு. பேரு எம்பி3 ஆயிட்டு. அப்பவும் ஏறல

விக்கி: ஏடிடி 43 நெல்ல பொன்னி சாக்குல கொட்டி வச்சா பொன்னியாயிடுமா மாமா. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் உள்ளுக்குள்ள ஓபஸ், மேல ஓஜிஜி சாக்கு. ஐட்யூன்ஸ் எம்பி3, ஏஏசி, வேவ், ஏஐஎஃப்எஃப், ஆப்பிள் லாஸ்லெஸ் இதத்தான் எடுத்துக்கும், மத்தத போட்டா சண்டையும் போடாது பதிலும் சொல்லாது, நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி கம்முனு இருந்துடும்

குமார் சித்தப்பா: 😂😂

சேகர் மாமா: ஆனாலும் ஆவும்னு தான் சொன்னேன்

நான்: பெரியப்பா விஎல்சி இருக்கா அதுல. ஆரஞ்சு கலர்ல கூம்பு மாதிரி இருக்கும்

செல்வம் பெரியப்பா: இருக்கு

செல்வம் பெரியப்பா: குமார் கேட்டான்னு சொல்றேன், 12ம் தேதி மேட்டூர் தொறந்தாச்சு, கல்லணைலேந்தும் விட்டாச்சாம். நம்ம வாய்க்காலுக்கு இன்னும் பொட்டுத் தண்ணி வரல. ஆறு மூணா பிரியுற மூணாறு தலைப்புல முறை வச்சு விடுறாங்கன்னு பேச்சு

குமார் சித்தப்பா: நான் கேக்கலியே அண்ணே

கலா அத்தை: எங்க பக்கம் பாமணி ஆத்துல வந்துருச்சு

சேகர் மாமா: அது குடிநீருக்கு விட்டது. முறைப்பாசனம்னா எப்படின்னா

விக்கி: மாமா ஒரு நிமிஷம். அப்பா, விஎல்சிய தொறந்து கன்ட்ரோலும் ஆரும் சேத்து அமுக்குங்க, ஆட்ல அந்த ஃபைல குடுங்க, கீழ கன்வெர்ட். ப்ரொஃபைல்ல ஆடியோ எம்பி3ன்னு இருக்கும் அத எடுத்துட்டு, எங்க சேவ் ஆவணும்னு பேரு குடுத்து கடைசில புள்ளி எம்பி3 நீங்களே டைப் பண்ணி ஸ்டார்ட். மணியாட்டம் ஓடி முடியும். அப்பறம் ஐட்யூன்ஸ்ல கன்ட்ரோல் ஓ குடுத்து அத எடுங்க

செல்வம் பெரியப்பா (7:58): ஏறிட்டு!!

கலா அத்தை: 🙏🙏🙏

ரேவதி அக்கா: சூப்பர் பெரியப்பா

செல்வம் பெரியப்பா (8:20): பென் டிரைவ புடுங்குனேன். பாட்டுக்கு முன்னாடி ஆச்சரியக்குறி வருது. பாட மாட்டேங்குது

விக்கி: அய்யோ பென் டிரைவ்லயா சேவ் பண்ணீங்க. அப்ப லைப்ரரில இருக்குறது விலாசம் மட்டும் தான், ஆளு பென் டிரைவ்ல. எடிட், ப்ரிஃபரன்சஸ், அட்வான்ஸ்டு போயி காப்பி ஃபைல்ஸ்னு தொடங்குற டிக்க போட்டுட்டு, அந்த வரிய அழிச்சுட்டு திரும்ப சேருங்க

குமார் சித்தப்பா: பேரு என் பேருல, வெளைச்சல் வேற வீட்டுலன்னு சொல்ற மாதிரி இருக்கு 😄

செல்வம் பெரியப்பா: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

கலா அத்தை: காலங்காத்தால ஆரம்பிக்காத குமாரு

செல்வம் பெரியப்பா (8:47): டிக் போட்டு சேத்தாச்சு. பென் டிரைவ் இல்லாமலும் பாடுது. ஆனா அன்நோன் ஆர்டிஸ்ட்னு வருது

ரேவதி அக்கா: அப்பாயி அன்நோனா 😭

நான்: ரைட் கிளிக் பண்ணி சாங் இன்ஃபோ போனா பேரு போடலாம் பெரியப்பா. தையல்நாயகின்னு போடுங்க

செல்வம் பெரியப்பா: பத்திரத்துல தைலம்மாள்

கலா அத்தை: ஆதார்ல தையல்நாயகி

குமார் சித்தப்பா: அதனால தான பட்டா இன்னும் மாறல. ஒரு பேர முடிவு பண்ண ரெண்டு வருசம்

சேகர் மாமா: அதுக்கு ஒரு அஃபிடவிட் போட்டா போதும் மாப்ள, ரெண்டு பேரும் ஒருத்தரேன்னு, நான் அப்பவே சொன்னேன்

நான்: அப்பாயின்னே போட்டுடுங்க பெரியப்பா

விக்கி: அத்தை இதவிட நல்லா எடுக்கலாம். டேப்பு ஹெட்ஃபோன் ஓட்டைலேந்து வயர் போட்டு லேப்டாப்ல நேரா எடுத்தா குக்கர் விசில் விழாது. வாய்ஸ் மெசேஜ் பேச்சுக்குன்னு சுருக்குறது, அப்பாயி மேல எடுக்குற எடம்லாம் கிழியுது

கலா அத்தை: கேசட்டு தாங்காதுடா, நேத்தே ரெண்டு தடவ சிக்குச்சு, பென்சில வச்சு சுத்துனேன். விசிலு இருந்துட்டு போவட்டும், அம்மா நடவுப் பாட்ட வயக்காட்டுலயும் அடுப்படிலயும் தான படிச்சுது

குமார் சித்தப்பா: இப்பதான் முழுசா கேட்டேன். 7வது நிமிஷம்

கலா அத்தை: குமாரு வேணாம்

ரேவதி அக்கா: என்னது 7வது நிமிஷம்

குமார் சித்தப்பா: பாட்ட நிறுத்திட்டு அம்மா சொல்லுது, "ஏ செல்வம், மோட்டார் கொட்டாய தம்பிக்கும் பொதுவுல வையிடா". தெளிவா கேக்குது. 94லயே சொல்லிருக்கு

விக்கி: 😶

சேகர் மாமா: ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல அந்த துண்ட மட்டும் செலக்ட் பண்ணி டெலிட் குடுத்தா

கலா அத்தை: ஏங்க நீங்க சும்மா இருங்க

குமார் சித்தப்பா: வெட்டக் கூடாது. பந்தல்ல மைக் செட்டுல முழுசா போடுங்க, இல்லாட்டி போடவே வேணாம். நான் வியாழக்கிழமை திருச்சில எறங்குறேன்

ரேவதி அக்கா: சித்தப்பா வர்றீங்களா!! சொல்லவே இல்ல

கலா அத்தை: வாடா மொதல்ல. அண்ணே நீங்க என்ன சொல்றீங்க

கலா அத்தை (9:34): அண்ணே

விக்கி: ப்ளூ டிக் விழுந்துருச்சு

செல்வம் பெரியப்பா (10:15): மைக் செட்டுக்காரன் சரின்னுட்டான். எல 60 சொல்லியிருந்தேன். குமார் வர்றதா இருந்தா 65 சொல்லட்டா