பொருள்: ஒளியிழைப் பெருக்கியில் வரும் நாய்ஸுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். ஒளியை மிகச் சிறு துடிப்புகளாக விடும் குறுந்துடிப்பு லேசர் பற்றிய பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். எர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழையில் 980 நானோமீட்டர் அலைநீள ஒளியை ஏற்றினால் எர்பியம் அயனிகள் ஆற்றலோடு காத்திருக்கும், 1550 நானோமீட்டரில் துடிப்பு வந்ததும் அதற்குக் கொடுக்கும். ஆனால் விநாடிக்கு 10,000 துடிப்பு என்றால் இடைவெளி 100 மைக்ரோவிநாடி, துடிப்போ ஒரு நானோவிநாடிகூட இல்லை. அந்த நேரமெல்லாம் அயனிகள் தாமாக உமிழும் ஒளியையும் இழை பெருக்கிவிடுகிறது. இதை இரைச்சல் என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "இழையிலிருந்து சத்தம் வருமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வேறு சொல் இருக்கிறதா?

மறுமொழி:
தம்பி, தொல்காப்பியத்தின் உரியியலைப் பாருங்கள். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருள, அதாவது ஓசையைக் குறிப்பவை. அழுங்கலுக்கு மட்டும் இரக்கம், கேடு என்றும் பொருள் சொல்கிறார் தொல்காப்பியர். அரவமும் கேடும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெதற்கு? அழி, அழுகு, அழுங்கு மூன்றும் ஒரே வேர் என்பது என் கருத்து, தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். அழுங்கலொளி என்க.

மறுமொழி:
ஐயா, அழுங்கு என்றால் இன்று பிள்ளைகளுக்கு எறும்புதின்னிதான் நினைவுக்கு வரும். நான் களையொளி என்பேன். பயிருக்குப் போட்ட உரத்தைக் களை தின்பதுபோல் துடிப்புக்கு வைத்த ஆற்றலை இது தின்கிறது. குறைக்கும் வழிகளுக்கும் பொருந்துகிறது: பெருக்கியை இரண்டு கட்டமாக்கி நடுவே ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் ஐசொலேட்டர் வைப்பது, வேண்டாத அலைநீளத்தை வடிகட்டுவது, துடிப்பு வரும்போது மட்டும் வாயில் திறப்பது, எல்லாமே களையெடுப்பு.

மறுமொழி:
உவமை அழகு, ஆனால் இயற்பியல் இடிக்கிறது. களையை முழுக்கப் பிடுங்கிவிடலாம். இதை முடியாது. துடிப்பின் நேரத்திலேயே, அதன் அலைநீளத்திலேயே வரும் பங்கை எந்த வடிப்பானும் பிரிக்காது. நன்றாகப் பெருக்கும் இத்தகைய பெருக்கியின் இரைச்சல் எண், அதாவது பெருக்கும்போது இரைச்சலால் சைகை எவ்வளவு கெடுகிறது என்னும் அளவு, 3 டெசிபெலுக்குக் கீழே போகாது, அது குவாண்டம் விதி. அப்புறம், முகக்களை என்கிறோமே, அங்கே களை பொலிவு அல்லவா? ஒளிக்குப் பக்கத்தில் வந்தால் மாணவர் அப்படித்தான் படிப்பார்கள். மின்னணுவியலில் பழகிய இரைச்சலே இருக்கட்டும். சத்தம் வருமா என்று கேட்டால் ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

மறுமொழி:
நன்றி. நான்கு பேர் தனி மடலிலும் இரைச்சல் என்றே எழுதினார்கள். ஒளியிரைச்சல் என்று போட்டு இன்று காலை அனுப்பிவிட்டேன். இடைவெளியில் வளரும் பங்கை மட்டும் ஓரிடத்தில் களையொளி என்றேன், அதைத்தான் பிடுங்க முடியும்.

மறுமொழி:
சரி, பாடம் போய்விட்டது. கலைச்சொல் பட்டியலில் அழுங்கலையும் சேர்த்து வையுங்கள். கம்பலை, சும்மை பற்றிய என் மடல் நாளை வரும்.