எங்கள் வண்டிக்குக் கல், வானொலிக்குக் காது

2008-இல் காங்கோவின் கோமா நகரில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தேன். ரேடியோ ஒகாப்பியை அங்கேதான் கேட்கத் தொடங்கினேன். ஸ்வாஹிலி எனக்கு ஒரு வரியும் புரியாது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்லக் கேட்பேன், அவ்வளவுதான்.

2002 பிப்ரவரி 25 அன்று அந்த நிலையம் தொடங்கியபோது நாடே துண்டு துண்டாகக் கிடந்தது. தலைநகர் கின்ஷாசா அரசிடம், கோமா ஒரு கிளர்ச்சிக் குழுவிடம், வடக்கே இன்னொரு குழு. ஐ.நா.வும் சுவிட்சர்லாந்தின் ஹிரோந்தெல் அறக்கட்டளையும் சேர்ந்து, காங்கோ செய்தியாளர்களை வைத்தே ஐந்து மொழிகளில் ஒலிபரப்பின. சண்டைக்கோட்டின் இரு பக்கமும் ஒரே செய்தி கேட்டது.

நான் இருந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் கிளர்ச்சித் தலைவர் லோரான் என்குண்டாவின் படை கோமாவை நெருங்கியது. ஐ.நா. காப்பாற்றவில்லை என்று மக்கள் எங்கள் வண்டிகள்மீது கல்லெறிந்தார்கள். 29-ஆம் தேதி காங்கோ ராணுவமே ஊரைவிட்டு ஓடியது. ஊர் விழுந்துவிட்டது, இல்லை என்று மணிக்கொரு வதந்தி. அப்போதும் தெருவோரக் கடைகளில் ஓடியது ஒகாப்பிதான்.

எனக்கு அது விளங்கவில்லை. "எங்களை நம்பாதவர்கள் எங்கள் வானொலியை மட்டும் எப்படி நம்புகிறார்கள்?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன்.

சிரித்தார். "உங்களுடையது என்று யார் சொன்னது? காசு உங்களுடையது, பேசுகிறவன் எங்கள் ஆள். நேற்று உங்களைத் திட்டியவர்களின் குரலும் அதில் வந்தது சார், உங்களுக்குத்தான் புரியவில்லை."

அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை பெரிது. 2007 ஜூனில் புகாவு நகரில் ஒகாப்பி செய்தியாளர் செர்ஜ் மஹேஷே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 2008 நவம்பரில் அதே ஊரில் அதே நிலையத்தின் திதாஸ் நமுஜிம்போ. கவச வண்டியில் போய்வந்த எங்களுக்கு அந்தச் செய்தி கேட்டபோது கூச்சமாகவே இருந்தது.

இப்போது உறுத்துவது பணம். ஐ.நா. கிளம்பிவிட்டால் ஒகாப்பிக்கு யார் காசு தருவது? லைபீரியாவில் 2018-இல் ஐ.நா. கிளம்பியபோது அதன் வானொலியை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் எடுத்துக்கொண்டது. காங்கோவில், புகாவு இருக்கும் தெற்குக் கிவு மாகாணத்தைவிட்டு ஐ.நா. படை 2024-இல் வெளியேறிவிட்டது. விளம்பரம் தர நாலு கம்பெனிகூட இல்லாத ஊர்களில் உள்ளூர்க் காசிலேயே நிலையம் நடத்தலாம் என்று பேசுபவர்கள், முதலில் ஜெனரேட்டருக்கு ஆகும் டீசல் செலவை விசாரித்துப் பார்க்கட்டும்.