மேல்மலையில் இருபுரி முறுக்கியபோது

தக்ளியில், அதாவது கையால் சுழற்றித் தொங்கவிடும் நூற்புக் கதிரில், நூற்பதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால், நூற்ற ஒற்றை இழைகளை இரண்டாகச் சேர்த்து முறுக்கும் இருபுரி வேலையைப் பற்றி மட்டும், கொடைக்கானல் மேல்மலையில் எனக்கு வாய்த்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன். மன்னவனூரில் 1965 முதல் இயங்கிவரும் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் வளர்க்கப்படும் பாரத் மெரினோ ஆடுகளின் கம்பளி மிக மெல்லியது. இத்தகைய கம்பளியை மெல்லிதாக நூற்க அதிக முறுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த ஒற்றை இழையை அப்படியே பின்னினால் துணி ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். முறுக்கைச் சமன்செய்யவே இருபுரி.

அவ்வூரில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெரியவர் இளமையில் கற்றாழை நாரில் கயிறு திரித்தவர். கம்பளி நூலை அவர் அதுவரை தொட்டதில்லை என்றாலும், என்னுடன் இருபுரி முறுக்கப் பழகிக்கொண்டிருந்த தோழியின் கையைப் பார்த்த உடனே, "ஒரு பிரி விறைப்பா நிக்குது, இன்னொண்ணு அதைச் சுத்திக்கிட்டுப் போகுதும்மா, ரெண்டையும் ஒரே தொய்வுல புடி" என்றார். வலப்பக்கம் சுழற்றி நூற்ற இழைகளை இடப்பக்கம் சுழற்றிச் சேர்க்கும்போது, ஒவ்வோர் இழையும் தன் முறுக்கைச் சற்றே இழந்து மற்றதைக் கவ்விக்கொள்கிறது. ஒன்று மட்டும் இழுபட்டு நின்றால் இந்தக் கவ்வல் நிகழாது. கயிற்றுக்கும் கம்பளிக்கும் இதில் வேறுபாடு இல்லை.

அவர் சொன்ன இன்னொரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டின் பின்புறம் பூண்டு பயிரிட்டிருந்த படிக்கட்டு நிலத்தின் மேல்வரப்பில் நின்று முறுக்கினால், தக்ளி கீழ்த்தட்டு வரை இறங்க இடம் கிடைக்கும் என்றார். தரையில் நின்றால் இடுப்பளவு நூலுக்கு ஒருமுறை நிறுத்திச் சுற்ற வேண்டும். வரப்பில் நின்றபோது ஒரே வீச்சில் நீண்ட நூல் இறங்கியதால், முறுக்கும் அதன் நீளம் முழுவதும் சீராகப் பரவியது. காற்று வீசும் நாளில் மட்டும் இது ஆகாது. நூற்கப் பயன்படுத்துவதைவிடச் சற்றுக் கனமான தக்ளியே இதற்கு ஏற்றது.

ஒரே ஒரு உருண்டை நூல்தான் இருக்கிறது என்பவர்கள், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் செய்வதைப் போல, நடுவிரலைச் சுற்றி உள்ளங்கையில் நூலைக் கோத்து இரு முனைகளையும் ஒருசேர இழுத்து முறுக்கலாம். இரண்டு இழைகளும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடுவதால் மிச்சம் விழாது. ஆனால் இறுக்கிச் சுற்றினால் விரல் நீலம் பாரித்துவிடும். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

போதுமான முறுக்கு ஏறியதா என்பதை அறிய, நூலின் ஒரு பகுதியைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். அது தானாகச் சுருண்டுகொள்ளாமல் வளைவாகத் தொங்கினால் சமனாயிற்று என்று பொருள். பல நாள் வைத்திருந்த ஒற்றை இழையில் முறுக்கு உறங்கிக்கிடக்கும் என்பதால், புதிதாக நூற்றதைக் கொண்டே இச்சோதனையைச் செய்வது நம்பகமானது.

முடித்த சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூற்கட்டை, வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் ஊறவைத்துப் பிழிந்து, எடை ஏதும் கட்டாமல் உலர்த்த வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் கைக்கு உலர்ந்ததாகவே தோன்றும். மூடுபனிக் காலத்தில் அதை நம்பி உருண்டையாகச் சுற்றிவிடாமல், வெயில் முகம் பார்க்கும் வரை சிட்டமாகவே தொங்கவிடுவது நல்லது.