100-ஐ 50-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரமாம்! ரப்பர் போட்டுக்கு பேட்டரி மோட்டார் போதுமா?

துடுப்பு_துரை: நேற்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேதை சொல்கிறார்: காற்றடிக்கிற போட்டுக்கு 55 பவுண்டு உந்துவிசை தரும் பேட்டரி மோட்டார் போதுமாம், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடுமாம். கூடாரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஆளில்லாத இடத்துக்குப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

வேளச்சேரி_வாசி: அந்த மேதை நான்தான். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். 100-ஐ 50-ஆல் வகுத்தால் இரண்டு. உங்கள் ஊரில் எவ்வளவு வரும்?

துடுப்பு_துரை: பேட்டரி மேல் போட்டிருக்கும் 100, பொதுவாக 5 ஆம்பியராக 20 மணி நேரம் இழுத்தால் கிடைப்பது. ஒரேயடியாக 50 இழுத்தால் அந்த 100 வராது. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் ஆயுளும் போச்சு. முக்கால் மணி நேரம் ஓடினால் சந்தோஷப்படுங்கள். அப்புறம் அந்த 30 கிலோ பேட்டரியைக் கரை வரைக்கும் யார் சுமப்பது?

வேளச்சேரி_வாசி: லித்தியம் வாங்கினால் 12 கிலோதான். இரண்டு மணி நேரம்.

துடுப்பு_துரை: ஓ, இப்போது லித்தியமா? நேற்று அந்த வார்த்தையே வரவில்லையே!

பழவேற்காடு_பூநாரை: இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கிப் பார்த்ததுண்டா? பழவேற்காடு ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. எந்த மோட்டாரானாலும் ப்ரொப்பெல்லர் மணலில் தட்டும். என் 2.5 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டாரில் ஷியர் பின் (ப்ரொப்பெல்லர் எதிலாவது தட்டினால் மோட்டாரைக் காப்பாற்றத் தானே உடைகிற சின்ன ஊசி) உடைந்து, மாற்றுப் பின் இல்லாமல், முழங்கால் சேற்றில் போட்டை இழுத்து வந்தேன். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

துடுப்பு_துரை: மாற்றுப் பின் எடுத்துப் போகாதது உங்கள் குற்றம் சார், மோட்டார் என்ன செய்யும்? பதினாலு கிலோ எடை, முழு வேகத்திலும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் குடிக்கும். கேனில் ஐந்து லிட்டர் இருந்தால் பொழுது போய்விடும்.

காசிமேடு_தம்பி: அண்ணே, 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் அந்தப் பதினாலு கிலோ எங்கே போச்சு? எங்கள் தெரு முனையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதே. கடைசியில் துடுப்புதானே போட்டீர்கள்?

துடுப்பு_துரை: ப்ரொப்பெல்லரில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டது.

காசிமேடு_தம்பி: நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகாததற்கும் பைக்கும் என்ன சம்பந்தம்? கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடக்கிறது என்று மெக்கானிக் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

துடுப்பு_துரை: பேச்சை மாற்றாதே தம்பி. அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பதில் வரட்டும்.

வேளச்சேரி_வாசி: பொங்கலுக்கு வாங்கிப் போன என் கால் பம்ப் முதலில் வரட்டும்.

துடுப்பு_துரை: வாஷர் கிழிந்த பம்ப்பைக் கொடுத்துவிட்டுப் பேச்சைப் பார்! இவர்தான் பேட்டரிக்குக் கணக்குப் போடுகிறார்.

பழவேற்காடு_பூநாரை: சரி, ஷியர் பின் சென்னையில் எங்கே கிடைக்கும்? யாருக்காவது தெரியுமா?

துடுப்பு_துரை: 100-ஐ 50-ஆல் வகுக்கிறார்களாம்.

வேளச்சேரி_வாசி: ஆமாம். இரண்டு.