லூனெபுர்கர் ஹைடெ: குழந்தைகளோடு நடந்தவர்கள் சொல்லுங்கள்

ஹாம்பர்க்கிலிருந்து:

பூக்காலம் முடிவதற்குள் போக நினைப்பவர்கள் இருப்பீர்கள் என்பதால் சூட்டோடு எழுதுகிறேன். போன சனிக்கிழமை லூனெபுர்கர் ஹைடெக்குப் போய் வந்தோம். ஹாம்பர்க்குக்குத் தெற்கே, ஊதாப் பூப்பூக்கும் குறுஞ்செடிகள் படர்ந்த மணல்வெளி அது. நாங்கள் இருவர், எட்டு வயது மகள், மூன்று வயது மகன், பரமக்குடியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வில்செடெ ஊருக்குள் சுற்றுலாக் கார்களை விடுவதில்லை. உண்டெலோவில் காரை நிறுத்திவிட்டு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். செங்குத்தான ஏற்றம் எதுவும் இல்லையே, குழந்தை வண்டி போதும் என்று கிளம்பினேன். சிறிது தூரத்திலேயே சின்னச் சக்கரங்கள் மணலில் புதைந்துவிட்டன. கோடையில் வைகை மணலில் சைக்கிள் உருட்டியவர்களுக்கு என் நிலைமை புரியும். மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வெறும் வண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். குதிரை வண்டிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. அம்மா ஒவ்வொரு வண்டியையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது குதிரை வண்டிதான். குழந்தையை முதுகில் சுமக்கும் பை இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் பெரிய சக்கர வண்டி. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வெட்டவெளியில் இடுப்பளவு ஜூனிபர் புதரின் நிழலை நம்ப முடியாது.

வில்செடெயைத் தாண்டி டோட்டன்கிரண்ட் பக்கம் நடந்தோம். பெயரின் பொருள் ‘செத்தவர் பள்ளம்’ என்று மகளிடம் சொன்னது என் அடுத்த தவறு. பேய் இருக்குமா என்று பத்து நிமிடம் விசாரணை நடந்தது. விளிம்பில் நின்று கீழே பார்த்ததும் கேள்வி நின்றது. பள்ளம் முழுக்க ஊதா. இந்த இடத்தில் விடுமுறை வீடுகள் எழும்பாமல் காப்பாற்றியவர் எகெஸ்டார்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடெ. 1906இல், நன்கொடையாகக் கிடைத்த பணத்தில் இந்தப் பள்ளத்தை வாங்கிப்போட்டார். சுற்றியுள்ள பகுதி 1921இல் இயற்கைக் காப்பிடமானது.

அங்கேதான் மந்தை வந்தது. முதலில் சத்தம் மட்டும், பிறகு பாதையை அடைத்துக்கொண்டு சாம்பல் நிற முதுகுகள். ஹைட்ஷ்னுக்கே என்ற இந்த ஆட்டின் முகமும் காலும் மை பூசியது போலக் கருப்பு. கிடாவுக்கு மட்டுமல்ல, பெண் ஆட்டுக்கும் கொம்பு உண்டு. குட்டிகள் கருப்பாகவே பிறந்து பிறகுதான் சாம்பலாகின்றனவாம். ஒரு குட்டி நின்று என் மகனை உற்றுப் பார்த்தது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். அவன் என் காலைப் பிடித்துக்கொண்டானே தவிர, கண்ணை எடுக்கவில்லை.

அம்மா பாதையோரம் ஒதுங்கி நின்று, “ராத்திரி கிடை எங்கே போடுவார் என்று அந்தக் கீதாரியைக் கேள்” என்றார். கிடைக்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரியாது. சுற்றி வளைத்துக் கேட்டேன். மேய்ப்பர் சிரித்தார். வெளியில் தங்கவிடுவதே இல்லை, சாயங்காலம் கொட்டகைக்கு ஓட்டிப் போய்விடுவோம் என்றார். இந்தப் பூச்செடிக்குச் சத்துக் குறைந்த மண்தான் வேண்டும். எரு சேர்ந்தால் புல் மண்டி, செடியை அமுக்கிவிடும். ஆடுகள் பகலில் செடியின் நுனியையும், முளைத்து வரும் பிர்ச், பைன் கன்றுகளையும் கடித்துவிடுகின்றன. இல்லாவிட்டால் சில பத்தாண்டுகளில் இது காடாகிவிடும். அந்தக் காலத்து விவசாயிகள் ஹைடெயின் மேல்மண்ணைச் செடியோடு வெட்டி எடுத்துக் கொட்டகையில் பரப்பி, சாணம் ஊறியதும் ரை என்ற தானியம் விளையும் வயலுக்குக் கொண்டுபோவார்களாம். இந்த ஊதா முழுவதும் மனிதன் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி உண்டாக்கியது!

மொழிபெயர்த்துச் சொன்னேன். “வயலில் எரு விழ வேண்டும் என்று நாம் கூலி கொடுத்துக் கிடை போடச் சொல்கிறோம். இவர்கள் விழக்கூடாது என்று ஓட்டிக்கொண்டு போகிறார்களா?” என்றார் அம்மா. வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தார்.

பிரேமனிலிருந்து:

அக்கா, மணலில் வண்டி இழுத்த கதையைப் படித்துச் சிரித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஷ்னேவர்டிங்கன் பக்கத்து பீட்ஸ்மோரையும் பாருங்கள். அது சதுப்பு நிலம். பெரும்பகுதிக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். முழுச் சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

நாங்கள் போனது மே மாதம். முன்னால் ஓடிய என் மகள் சட்டென்று நின்று, “அம்மா, கயிறு” என்றாள். பலகையின் ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது குரொய்ட்ஸ்ஓட்டர் என்ற பாம்பு. சாம்பல் உடல், முதுகு நெடுகக் கருப்பு வளைவுக்கோடு, கண்மணி பூனைக்குப் போல நெட்டாக. விரியன் குடும்பம்தான், விஷம் உண்டு. என் கணவர் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பாம்பு அவசரமே படாமல் பலகைக்கு அடியில் இறங்கிப் போய்விட்டது. அது தானாக வந்து கடிக்காது. மிதித்தாலோ பிடித்தாலோதான் ஆபத்து. பலகையை விட்டு இறங்காமல் இருந்தால் போதும், ஆனால் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள்.

மகனுக்குப் பாம்பைவிட டாங்கிக் கதைதான் பிடித்தது. பக்கத்து ஓஸ்டர்ஹைடெயில் 1994 வரை பிரிட்டிஷ் டாங்கிகள் பயிற்சி செய்தன. இன்று பூத்துக் கிடப்பது உழுது நாசமான அந்த நிலம்தான். அவன் தடம் தேடிக்கொண்டே நடந்ததால், கால் வலிக்கிறது என்ற பாட்டு அன்று வரவில்லை.

ஹனோவரிலிருந்து:

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. ஜூன் கடைசியில் போய் நின்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பு. “இதற்கா இரண்டு மணி நேரம்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். இங்குள்ளவர்களின் கணக்கு எட்டாம் மாதம் எட்டு முதல் ஒன்பதாம் மாதம் ஒன்பது வரை. வறண்ட கோடையாக இருந்தால் அதுவும் ஏமாற்றும். கார் இல்லாதவர்களுக்கு: ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஊர்களை இணைத்து இலவச பஸ் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் உடம்பில் உண்ணி பாருங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம். என் இளையவனுக்கு இடுப்பு எலாஸ்டிக்குக்குக் கீழே ஒன்று இருந்தது, எள்ளளவு. நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் வைப்பது, சூடு காட்டுவது எல்லாம் வேண்டாம். கடித்த இடத்தில் பிறகு சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று, தமிழ் வகுப்பு எடுப்பவனின் கிறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி மாதம், பூத்த காடு, மந்தை வீடு திரும்பும் மாலை. முல்லைத் திணைக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த ஆண்டு என் மாணவர்களை அங்கே கூட்டிப்போய்த்தான் அந்தப் பாடத்தை நடத்தப்போகிறேன்.

ஹாம்பர்க்கிலிருந்து, மீண்டும்:

உண்ணி பார்த்தாகிவிட்டது, இல்லை. நன்றி, சார்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். வில்செடெயில் ஒரு பாட்டில் ஹைடெத் தேன் வாங்கினோம். மேய்ப்பர் சொன்ன கதை வேறு: செடிக்குச் செடி சிலந்தி வலை கட்டியிருக்கும், ஆடுகள் கிழித்துக்கொண்டு போனால்தான் தேனீக்கு வழி கிடைக்கும் என்று. அம்மா ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டுத் திறந்து பார்த்தார். கவிழ்த்தாலும் ஒழுகவில்லை. கரண்டியால் கிளறினால் இளகுகிறது, விட்டுவிட்டால் மறுபடி இறுகிக்கொள்கிறது. இந்தத் தேனின் இயல்பே அதுதான் என்று எவ்வளவோ சொன்னேன்.

“பாகு முற்றவிட்டுவிட்டார்கள்” என்று மூடி வைத்துவிட்டார்.