வேலியோரச் செடிகள் பழக்கிவிட்ட அக்கம்பக்கம்: கெப்போங் வீட்டு அனுபவம்

நம் குழுவில் புது வீட்டுக்குக் குடிபோன அனுபவங்களை எல்லாரும் எழுதுகிறீர்கள், முதலில் என்ன செடி வைக்கலாம் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கிரில், ஆட்டோகேட், கிச்சன் கெபினட், இழுத்தடித்த கொண்ட்ராக்டர் என்று படிக்கப் படிக்க எங்கள் வீட்டுக் கதையும் அதேதான். ஆனால் எங்களை அந்த வீட்டில் நிலைக்க வைத்தது வேலியோரத்து மண்ணும் அதில் வைத்த செடிகளும். அதனால் புது வீடு மாறுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: முதல் செடியைப் பின்பக்கம் வைக்காதீர்கள். வாசல் பக்கம், தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடியில் இருந்தோம். பால்கனியில் ஒரு துளசி, ஒரு கற்றாழை, அவ்வளவுதான் இடம். கெப்போங்கில் பார்த்த வீடு பழைய தரைவீடு, வரிசையில் கடைசி. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. என் வீட்டுக்காரர் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தார், நான் அந்த நிலத்தைப் பார்த்தேன்.

பால் காய்ச்சி முடித்த கையோடு மண்வெட்டியைப் போட்டால், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே 'ணங்' என்றது. டைல்ஸ் துண்டு, சிமெண்டுக் கட்டி, வளைந்த கம்பி எல்லாம் வந்தன. எப்போதோ வீட்டை இடித்துக் கட்டியவர்கள் உடைசலை அங்கேயே தள்ளி, மேலே செம்மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். பழைய தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், இது சகஜம். இப்படிப்பட்ட மண்ணில் கறிவேப்பிலை வைத்தால் கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். சிமெண்டிலிருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுவதால் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போகிறது, அதுதான் காரணம். உடைசலைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் குழியை அகலமாகத் தோண்டி, புது மண் கலவை போட்டால் செடி தேறிவிடும்.

மண் வாங்க சுங்கை பூலோ போனோம். கோலாலம்பூர்ப் பக்கம் செடி வாங்குகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும், சாலையோரம் முழுக்க நர்சரிதான். அந்த இடத்தின் வரலாறு பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1930-இல் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய குடியிருப்பு அது. ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த மனிதர்கள், நோய் குணமான பிறகும் போக இடமில்லாமல் அங்கேயே தங்கி, செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்று நம் வீட்டு வாசலில் பூக்கிற எத்தனையோ செடிகள் அவர்கள் தொடங்கிவைத்த தொழிலிலிருந்து வந்தவை. அங்கே போனால் பேரம் பேசாமல் வாங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நர்சரிக்காரர் சொன்ன கலவை எளிது: மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு. எருவுக்கு நான் கோழி எருவும் தேங்காய் நாரும் சேர்த்தேன். கோழி எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் வேர் கருகிவிடும், ஈயும் மொய்க்கும். நம் ஊர் மழைக்கு இன்னொன்று. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற இடம் இது. உரத்தை மொத்தமாகக் கொட்டினால் சாயங்கால மழையில் கரைந்து சாக்கடைக்குத்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவதுதான் சரி.

மண் மோசம் என்று சோர்ந்து போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்குள் நடந்துவிட்டு வாருங்கள். அங்கே வானத்தை மறைத்து நிற்கிற மரங்கள் எல்லாம் வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட வெற்று நிலத்தில் 1920-களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்தவை. 2025-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த மண்ணே தேறியபோது நம் வேலியோரம் தேறாதா?

சரி, அக்கம்பக்கத்துக்கு வருகிறேன். அடுக்குமாடியில் இருந்த காலமெல்லாம் எதிர் வீட்டுக்காரரை லிஃப்டில் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. இங்கே கறிவேப்பிலைக் கன்றை வேலியோரம் நட்ட சில வாரத்திலேயே எதிர் வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து நின்றார். மீன் கறிக்குக் கறிவேப்பிலை ஒரு கொத்து கிடைக்குமா என்று மலாயில் கேட்டார். எங்கள் கன்றில் அப்போது கிள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே குளிர்பெட்டியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் கைநிறையப் பாண்டான் என்கிற வாசனை இலை கொண்டு வந்தார், வேரோடு இரண்டு பக்கக் கன்றுகளும் சேர்த்து. "இதை அந்த ஓரத்தில் வை, நிழலானாலும் வரும்" என்று இடத்தையும் காட்டிவிட்டுப் போனார். இப்போது நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு ரெண்டாங் இறைச்சிக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வருகிறது, தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகிறது. கறிவேப்பிலையைப் பின்கட்டில் வைத்திருந்தால் அவர் எப்படிக் கேட்டிருப்பார்?

வாழை விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கன்று வைக்க வேண்டும் என்று என் மாமியார் ஆசைப்பட்டார். இலைக்கு ஆகும், பூவைக் கூட்டு வைக்கலாம், நல்ல காரியத்துக்கு மரத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் கன்றைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். வாழையில் ஆவி தங்கும் என்று அவர்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லுவார்களாம். அவருடைய படுக்கை அறை ஜன்னல் சரியாக அந்த இடத்தைப் பார்த்திருந்தது. மலாய்க்காரர்களிடமும் வாழை மரத்தைப் பற்றி அப்படி ஒரு பயம் உண்டு. நமக்கோ வாசலில் வாழை கட்டாமல் கல்யாணம் இல்லை. யார் நம்பிக்கை சரி என்று வாதாட அங்கே ஒன்றுமில்லை, அவர் தூங்க வேண்டிய ஜன்னல் அது. மாமியாரே "அந்தப் பக்கம் வச்சிடலாம்மா, அவருக்கு மனசு கஷ்டமா இருக்கு" என்று சொல்லி, கன்றைப் பின் சுவர் ஓரத்துக்கு மாற்றச் சொன்னார். அந்த வருடம் சீனப் புத்தாண்டுக்கு அங்கிள் ஒரு தொட்டி கஸ்தூரி எலுமிச்சையைத் தூக்கிக்கொண்டு வந்தார், காய்கள் குலுங்க.

அந்த எலுமிச்சை எங்கள் தெருப் பிள்ளைகளையும் கூட்டி வந்தது. எலுமிச்சை, கறிவேப்பிலை இரண்டிலும் ஒரே வகைப் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். முதலில் வருகிற புழு கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் விழுந்தது மாதிரியே இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பறவை ஏமாந்து விட்டுவிடும். வளர வளரத் தோலுரித்துப் பச்சையாகிவிடும். அதன் தலைப் பக்கம் லேசாகத் தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு வெளியே நீளும், கூடவே ஒரு கெட்ட வாடை. எதிரியை விரட்ட அதற்கு இருக்கிற ஆயுதம் அது. மக்சிக்கின் பேரன் இதைக் கண்டுபிடித்துவிட்டு, ஸ்கூல் முடிந்து வந்ததும் வேலிக்கு வெளியே நின்று "இன்னும் இருக்கா?" என்று கேட்பான். நான் பூச்சி மருந்து அடிப்பதில்லை. கறிவேப்பிலை பெரிதானபின் பாதியைப் புழு தின்றாலும் மறுபடி தழைக்கும். கன்று சின்னதாக இருக்கும்போது மட்டும் புழுக்களைக் கையால் எடுத்துப் பெரிய எலுமிச்சைக்கு மாற்றிவிடுவேன். நத்தைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆப்பிரிக்க நத்தை ராத்திரியில் வந்து நாற்றுகளைத் தரையோடு மொட்டையடித்துவிடும். மழை விட்ட இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதன் உடம்பில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணி இருக்கும்.

என் மாமியாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பால்மரம் சீவியவர். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டைச் சுற்றிக் கீரையும் மிளகாயும் போட்டுப் பழகிய கை. அடுக்குமாடியில் சீரியல் ஓட ஓட நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேச்சே குறைந்துபோயிருந்தது. இந்த வீட்டில் வெளிச்சம் வருவதற்குள் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பாட்டியும் தோட்டத்திலிருந்து வந்தவர்தானாம். காலை நடைக்குப் போனவர், வேலியில் வெற்றிலைக் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அம்மாடி, வெத்தலைக்கு இம்புட்டு வெயிலு ஆகாது. நாலு கணுவா வெட்டி, ரெண்டு கணுவ மண்ணுக்குள்ள விடு. நெழலு பாத்து வை."

அன்று தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை. இரண்டு பேரும் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்தக் கோயில் திருவிழா என்று பேசிக்கொண்டே கீரை ஆய்கிறார்கள். மாமியாருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தோம், டிவி வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது குனிந்து தொட ஒரு பிடி மண்ணும், தன் காலத்தைத் தெரிந்த ஒரு ஆளும்தான். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் முன்பக்கம் முழுவதையும் சிமெண்டு போட்டு மூடுவதற்கு முன்னால், தயவுசெய்து ஒரு ஓரத்தையாவது மண்ணாக விட்டுவையுங்கள்.

அப்புறம் கொசு. செடி வளர்க்கிறவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. எங்கள் வரிசையிலேயே ஒரு பிள்ளைக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. ஏடிஸ் முட்டை பெரிய கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் 10 நாள் போதும். தொட்டிக்கடியில் இருக்கிற தட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாண்டான், வாழை, புரோமிலியாட் இவற்றின் இலையிடுக்கில் தேங்கும் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சோதனையில் புழு கிடைத்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. தண்ணீர்த் தடைக்குப் பயந்து மழைநீர் பிடிக்கும் பீப்பாய் வைத்திருப்பவர்கள் வாயைச் சன்னமான வலையால் இறுக்கிக் கட்டுங்கள்.

காய்ந்த இலையை எரிப்பதும் வேண்டாம், திறந்த வெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கிறது. ஒரு பழைய வாளியில் துளை போட்டு, காய்ந்த இலை ஒரு அடுக்கு, காய்கறித் தோல் ஒரு அடுக்கு என்று நிரப்பினால் அதுவே எருவாகிவிடும். வாடை வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை போட்டால் சரியாகிவிடும்.

முதல் செடியாக என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்த தங்கைக்கு: சாயோர் மானிஸ் கீரை வையுங்கள். பென்சில் கனத்தில் ஒரு குச்சியை ஒடித்துச் சாய்வாகச் செருகினால் பிடித்துக்கொள்ளும், பறிக்கப் பறிக்கத் தழைக்கும், கேட்கிறவர்களுக்குக் குச்சி ஒடித்துக் கொடுக்கவும் தோதானது. கெப்போங் பக்கம் இருந்தால் எங்கள் வீட்டிலேயே வந்து ஒடித்துக்கொள்ளலாம்.

முருங்கை வைக்கப்போகும் அண்ணனுக்கு: மின்கம்பிக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் தள்ளி வையுங்கள். நம் சாயங்காலப் புயல்மழைக்கு அதன் கிளை தாங்காது. தண்ணீர் தேங்குகிற மண்ணாக இருந்தால் மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். நெஞ்சுயரத்துக்கு மேல் போகவிடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் பக்கக் கிளை விட்டு, மாமியார் கைக்கும் எட்டுகிற உயரத்தில் கீரை கிடைக்கும்.