மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏ.: திருகோணமலைக்கு எப்போது வரும்?

கடற்கரைவாசி (உப்புவெளி)
அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அதிகாரம் பெற்ற மனநல வைத்தியர்கள் இரண்டு மருந்துகளை எழுதிக் கொடுக்கலாம். பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு ஆளை விடாமல் வாட்டும் மனவடு நோய்க்கு (பி.டி.எஸ்.டி.) எம்.டி.எம்.ஏ., மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின். முதலாவது களியாட்டங்களில் எக்ஸ்டசி என்ற பெயரில் விற்கப்படுவது. இரண்டாவது சில வகைக் காளான்களில் இருப்பது. இங்கே அவற்றின் பெயரைச் சொன்னாலே பொலிஸ்.

அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன். 2004 மார்கழியில் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. 2006இல் வேலைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. அன்றிலிருந்து அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து படலையடியில் நிற்கிறார். கிளினிக்கில் "நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி" என்று இரண்டு கேள்வி கேட்பார்கள், மனச்சோர்வு மாத்திரைக்குத் துண்டு எழுதுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். கோணேசரிடமும் பத்திரகாளியிடமும் வைத்த நேர்த்திகளுக்குக் கணக்கில்லை.

2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 90 பேர் இருந்தார்கள். எம்.டி.எம்.ஏ.யுடன் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் முடிவில் அந்த நோய்க்குரிய வரையறைக்குள்ளேயே வரவில்லை. போலி மாத்திரையுடன் அதே சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதம். நமக்கு மட்டும் ஏன் இது கிடைக்கக் கூடாது?

மூதூர்க்காரி
தம்பி, நான் இந்தப் பக்கத்தில் உளவளத்துணை வேலை செய்கிறவள். சதவீதத்தை வாசித்த நீங்கள் மணித்தியாலங்களைக் கூட்டிப் பார்த்தீர்களா? மருந்து கொடுக்கும் நாட்கள் மூன்று, ஒவ்வொன்றும் எட்டு மணித்தியாலம். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணித்தியாலச் சந்திப்புகள் பன்னிரண்டு. ஆக 42. எதிரே இருப்பவர்கள் இருவர் என்பதால் உழைப்பு 84 மணித்தியாலம், ஒரே ஒரு நோயாளிக்கு. உங்கள் அம்மாவுக்குக் கிளினிக்கில் கிடைத்ததை ஒரு வருடத்துக்குக் கூட்டினால் ஒரு மணித்தியாலம் தேறுமா?

2023இல் வந்த இரண்டாவது ஆய்வில் 104 பேர். மருந்துடன் 71 சதவீதம், மருந்தில்லாமல் 48. வெறும் கதையால் ஏறத்தாழப் பாதிப்பேர் தேறியிருக்கிறார்கள். அந்த 48ஐ முதலில் மூதூருக்கும் சம்பூருக்கும் கொண்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

கடற்கரைவாசி
அக்கா, கதைக்கிற ஆளுக்குத்தானே கதை. அண்ணனின் பெயரை யாராவது எடுத்தால் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். போன வருடம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பிள்ளை ஒரு மணித்தியாலம் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போனது. எம்.டி.எம்.ஏ. மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தைக் கொட்ட வைத்து அச்சத்தைத் தணிக்கிறது என்கிறார்கள். பயங்கரமான நினைவை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறதாம். அம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

மருந்துக்கடைக்காரர்
நான் மருந்து விற்கிறவன். புது மருந்து வந்தால் எனக்கும் லாபம். ஆனாலும் சொல்கிறேன், கதையின் பின்பாதியை விட்டுவிட்டீர்கள்.

2024 ஜூனில் அமெரிக்க மருந்து அதிகார சபையின் ஆலோசனைக் குழு வாக்களித்தது. மருந்து பயன் தருகிறதா என்ற கேள்விக்கு இரண்டு பேர் ஆம், ஒன்பது பேர் இல்லை. ஆபத்தைவிடப் பயன் பெரிதா என்பதற்கு ஒருவர் ஆம், பத்துப் பேர் இல்லை. ஓகஸ்டில் அதிகார சபை அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வைச் செய்துகொண்டு வரச் சொன்னது. அதே மாதம் இந்த மருந்து பற்றிய மூன்று கட்டுரைகளை ஓர் ஆய்விதழ் மீளப் பெற்றுக்கொண்டது. முந்திய பரிசோதனை ஒன்றில், மருந்து மயக்கத்தில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளரே எல்லை மீறிய விவகாரமும் இருக்கிறது.

ஆய்வு என்றால் எவருக்கு எது கொடுக்கப்பட்டது என்று எவருக்கும் தெரியக் கூடாது. இதை விழுங்கியவருக்கு ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். விழுங்காதவருக்கும் தெரிந்துவிடும், பாவம் அவர் ஏமாந்துபோய் இருப்பார். அப்புறம் அந்த 67க்கும் 32க்கும் என்ன மதிப்பு?

மெல்பேர்ன்வாசி
திருகோணமலையில் பிறந்து இங்கே தாதியாக இருக்கிறேன். மருந்துக்கடை அண்ணாவுக்கு ஒரு பதில்: சத்திரசிகிச்சையையும் அப்படி மறைத்துச் செய்ய முடியாது. உளவளத்துணையையும் முடியாது. அதற்காக அவற்றைத் தள்ளிவிடுகிறோமா? தெரிந்துவிடுகிறது என்பது ஆய்வின் குறை. மருந்து பொய் என்பதற்கு அது சாட்சியாகாது.

ஆனால் கடற்கரைவாசி நினைப்பதுபோல இங்கே யாரும் கடையில் வாங்கி விழுங்குவதில்லை. கண்ணைக் கட்டிப் படுக்க வைத்து, இசை போட்டு, பக்கத்தில் இருவர் இருப்பார்கள். இரத்த அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், இந்த மருந்து அதை ஏற்றும். கட்டுப்படாத அழுத்தம், இருதய நோய், சித்தப்பிரமை உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் அதை வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திய பிறகே ஆய்வில் சேர்ந்தார்கள். செலவு பல ஆயிரம் டொலர். எங்கள் ஊராட்கள் ஒருவரையும் நான் அந்த அறையில் கண்டதில்லை.

கன்னியா வாத்தியார்
பிள்ளைகளே, இதெல்லாம் நமக்குப் புதிதா? பறை முழங்க, சாம்பிராணி எழும்ப, உருவேறி ஆடி விழுந்து எழும்புகிறவரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகிற தாய்மார் எதற்குப் போகிறார்கள்? அங்கேயும் முன்னாயத்தம் இருக்கிறது, விரதம் இருக்கிறது, பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் மாத்திரையில் செய்வதை எங்கள் ஆட்கள் உடுக்கில் செய்தார்கள்.

மூதூர்க்காரி
ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சடங்கில் அழுவதற்கு இடம் இருக்கிறது. கிளினிக்கில் இல்லை. ஆனால் அதே சடங்கில் ஒரு தாய் "என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா" என்று கேட்பாள். வாக்குச் சொல்கிறவர் "கிழக்கே ஒரு சிறையில் இருக்கிறான், வருவான்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக இருபது வருடம் சோறு எடுத்து வைக்கிற வீடுகளுக்குள் நான் போய் வருகிறேன்.

இந்த மருந்தைப் பற்றி எனக்கு உள்ள பெரிய சந்தேகமும் இதுதான். ஆய்வில் இருந்தவர்களில் பலருக்கு நடந்தது நடந்து முடிந்துவிட்டது. போர்க்களம், வன்முறை, சிறுவயதுக் கொடுமை. முடிந்த ஒன்றைத் திரும்பிப் பார்க்கலாம். தம்பியின் அம்மாவுக்கு எது முடிந்தது? உடல் இல்லை, திதி இல்லை, மரணச் சான்றிதழை வாங்கினால் மகனைத் தானே கொன்றதுபோல என்கிறார்கள் இந்தத் தாய்மார். அச்சத்தைத் தணித்து நினைவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்? ஒரு கேள்விதானே இருக்கும்? எட்டு மணித்தியாலம் மருந்தில் கிடந்து அந்தக் கேள்வியோடு தனித்திருப்பது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. அதை ஆராய்ந்தவர்கள் எவரையும் நான் வாசிக்கவில்லை.

கடற்கரைவாசி
இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. போன சீசனில் இங்கே ஒரு விடுதிப் பக்கத்தில் ஒருவன் மாத்திரை வைத்திருந்தான். வெளிநாட்டுக்காரருக்கு விற்பவன். இரண்டு வாங்கி அம்மாவுக்கு ஒன்று, பக்கத்தில் இருக்க நான், இவ்வளவுதானே என்று ஓரிரவு முழுக்க யோசித்தேன்.

மருந்துக்கடைக்காரர்
தம்பி, இதுவரை நக்கலாக எழுதினேன், இப்போது இல்லை. அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. ஐஸ் என்ற போதைப்பொருள் இருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம். அம்மா ஏற்கனவே மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறார் என்றீர்கள். சிலவற்றோடு எம்.டி.எம்.ஏ. சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி உயிருக்கே ஆபத்து, சிலவற்றோடு ஒன்றும் நடக்காதது போல இருந்து ஆளை இன்னும் எடுக்கத் தூண்டும். அந்த வயதில் அழுத்தம் ஏறினால் பக்கவாதம். நீங்கள் வாங்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், நான் நித்திரை கொள்ள வேண்டும்.

கடற்கரைவாசி
வாங்கவில்லை.

மூதூர்க்காரி
நல்லது. இப்போது நான் ஒன்று சொல்லலாமா? சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2009இல் வெளிவந்தது. பிறந்ததிலிருந்து நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வைக்கிற முறை ஒரு பாதிக்கு. தியானமும் தளர்வுப் பயிற்சியும் மறுபாதிக்கு. ஆறே ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆட்கள். ஆறு மாதம் கழித்து முதல் பாதியில் 81 சதவீதமும் மற்றதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள்.

மருந்துக்கடைக்காரர்
31 பேர்! 90 பேரைக் காட்டினால் போதாது, 31 போதுமா? ஒன்றும் கொடுக்காத பிள்ளைகளின் குழு இருந்ததா? காலம் போனதாலேயே தேறியிருக்கலாமே அக்கா.

மூதூர்க்காரி
அப்படிப்பட்ட குழு இல்லை, உண்மை. பிள்ளைகள், அம்மாமார் அல்ல, அதுவும் உண்மை. ஆனால் ஆறு அமர்வுக்கு எனக்கு ஒரு பாயும் நேரமும் போதும், லைசென்ஸ் தேவையில்லை. தம்பி, உப்புவெளிக்கு வர எனக்கு இரண்டு பஸ். வியாழன் பின்னேரம் வரலாம். முதல் நாள் அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். அம்மா சின்ன வயதில் எங்கே இருந்தார் என்றுதான் தொடங்குவேன்.

மெல்பேர்ன்வாசி
மருந்து ஒருநாள் அங்கே வரட்டும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். வரும்போது பக்கத்தில் இருக்கத் தெரிந்த இரண்டு பேர் அங்கே இருக்க வேண்டும். மூதூர் அக்காவைப் போல எத்தனை பேர் அங்கே இருக்கிறீர்கள்?

மூதூர்க்காரி
கேட்காதீர்கள்.

கடற்கரைவாசி
இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து, கண்கட்டு, இசை, பக்கத்தில் இரண்டு பேர், எட்டு மணித்தியாலம். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "எட்டு மணித்தியாலம் படுத்துக் கிடந்தால் படலையை யார் பார்ப்பது?" என்றார். பிறகு, அக்கா வருவதானால் சீனி போட்ட தேநீரா, போடாததா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.